ஸ்டெப்னி பார்த்தாச்சா, மாப்பிள்ளை?

அரைமில்லிக்கு மாமனாரைப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கீரியும் பாம்பும் என்பார்களே, அந்தக் கணக்கு. என்ன ஒன்று, கீரியும் பாம்பும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்து “வாங்க, போங்க” என்று பேசிக்கொள்வதில்லை.

அரைமில்லி என்பது வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிறவன். முன்னால் இருப்பவர்கள் எடுத்து அனுப்பும் அளவை, “அரை மில்லி தள்ளியிருக்கு” என்று திருப்பி அனுப்புவான். மறுபடி அளந்தால் தள்ளித்தான் இருக்கும். அதனாலேயே கடையில் அவனைக் கண்டால் ஒருத்தருக்கும் ஆகாது.

பெண் கேட்டுப் போன அன்றே மாமனார் ஆரம்பித்து வைத்துவிட்டார். காலமெல்லாம் டேங்கர் லாரி ஓட்டிய மனிதர். வரப்போகும் மருமகனோடு கை குலுக்கியவர், கையை விடாமல் திருப்பிப் பார்த்தார்.

“பஞ்சு மாதிரி இருக்கே. இந்தக் கையால என்னங்க வேலை பாக்குறீங்க?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மகள் ஒற்றைக்காலில் நின்றதால் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அரைமில்லியின் காதைவிட்டுப் போகவே இல்லை.

வருஷங்கள் கழித்துக் கார் வாங்கினான். வண்டி குட்டை, இஞ்சின் மட்டும் டர்போ வைத்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற ரகம். மிதித்தால் பறக்கும், ஆனால் வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். மாமனாரை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு சுற்றுச்சாலை வளைவில் திருப்பினான். இறங்கியதும் மனிதர் கூரையைத் தட்டிக் கொடுத்தார்.

“நல்ல மரியாதை தெரிஞ்ச வண்டி, மாப்பிள்ளை. வளைவுக்கு வளைவு கும்பிடு போடுது.”

போதாதா? மறுவாரமே வண்டி பட்டறையில் நின்றது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டார்கள். பின்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்துத் தடித்த கம்பி ஒன்று ஏறியது. ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுசு. பின்னால் போட்ட இரண்டின் தலையிலும் ஒரு திருகு உண்டு. டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால் கைக்கு எட்டும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். ஒவ்வொரு திருப்புக்கும் ‘கட்’ என்று ஒரு சத்தம்.

“நீங்க தனியாப் போறப்ப இறுக்கிக்குங்க,” என்றார் பட்டறைக்காரர். “பின்னாடி பொம்பளைங்க, வயசானவங்க உக்காந்தா இளக்கி விட்டுடுங்க. இல்லன்னா இடுப்பு போயிடும்.”

அன்று சுற்றுச்சாலை வளைவில் வண்டி இம்மியும் சாயவில்லை. கோடு போட்டு அதன்மேல் போன மாதிரி போனது. அரைமில்லி வாய்விட்டுச் சிரித்தான். அந்த நல்ல நிமிஷத்திலும் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது மாமனார் முகம்தான். என்ன பிறவியோ!

மாமனாரே வந்து சேர்ந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, துணைக்கு ஆளில்லாமல் மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாரம் இருமுறை அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டும். மகளுக்குத் தபால் நிலையத்தில் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். கண்ணாடிக் கடை திறக்க நேரமாகும். ஆக, மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

திருகை இளக்கி வைத்துத்தான் முதல் நாள் கூட்டிப் போனான். வளைவில் வண்டி அசையாமல் திரும்பியபோது, பின்சீட்டில் காலை நீட்டிக் கிடந்தவரைக் கண்ணாடியில் பார்த்தான். ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“என்ன மாப்பிள்ளை, சக்கரத்தைக் கழட்டிட்டுப் பாறாங்கல்லு மாட்டியிருக்கீங்களா?”

அடுத்த தடவை கிழவரை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு அவன் டிக்கியைத் திறந்தான்.

“என்ன பாக்குறீங்க?” சீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாக்குறேன், மாமா.”

இரண்டு திருகையும் போகும் மட்டும் வலப்பக்கம் திருப்பினான். கட், கட், கட். அன்று தெருவிலிருந்த ஒரு பள்ளத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. கிழவர் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தார். வாயைத் திறந்தது இறங்கும்போதுதான்.

“ஸ்டெப்னியில காத்து சரியா இருக்கா, மாப்பிள்ளை?”

“இருக்கு மாமா.”

வயசாகிவிட்டது, என்ன சொன்னாலும் நம்புகிறார் என்று அரைமில்லி நினைத்துக்கொண்டான். அரை மில்லி தள்ளியிருந்தால் கண்டுபிடிக்கிற ஆளுக்கு இது மட்டும் கண்ணுக்குத் தப்பியது. அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. காலையில் இறுக்குவது, சாயங்காலம் மனைவியை ஏற்றப் போகுமுன் இளக்குவது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கொஞ்சம் குறுகுறுக்கும். ஆனால் கிழவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை விடுவார், குறுகுறுப்பு பறந்துவிடும்.

ஒருநாள் சிகிச்சை முடிந்து மாமனாரை வீட்டில் இறக்கிய கையோடு தபால் நிலையத்திலிருந்து போன் வந்தது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்து, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பித்தப்பையில் கல், உடனே ஆபரேஷன். அடுத்த சில நாட்கள் அவன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாயாய் அலைந்தான். திருகு ஞாபகமே இல்லை.

அவளை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மாமனாரும் கிளம்பி வந்தார். முன்சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி அதில் அவர். பின்சீட்டின் மறுகோடியில், வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு அவர் மகள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினான். வண்டி தூக்கிப் போட்டது.

“அம்மா!” என்று அவள் அலறினாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, “என்னங்க இது... குத்துதுங்க” என்று அழுதாள்.

அரைமில்லியின் கால் பிரேக்குக்குப் போனது. காரணம் உடனே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? இப்போது இறங்கித் திருகினால் என்னவென்று கேட்பாள். திருகாவிட்டால் வீடு வரை இதே கதிதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திருடனைப் போல விழித்தான்.

“ஓரங்கட்டுங்க, மாப்பிள்ளை,” என்றார் மாமனார். தலையைத் திருப்பவில்லை. “இன்னிக்கு ஸ்டெப்னி பாக்க மறந்துட்டீங்களே.”

வண்டி நின்றது.

“இப்ப எதுக்குப்பா ஸ்டெப்னி?” என்று மகள் முனகினாள்.

“பாக்கட்டும்மா. தினம் பாக்குறவர்தான்.”

அவன் இறங்கி டிக்கியைத் திறந்தான். இடப்பக்கம், கட், கட், கட். சாலை இரைச்சலிலும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கிழவர் முதுகுக்குப் பின்னால்தான் இத்தனை நாளும் இது நடந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அடுத்த வேகத்தடையில் வண்டி பூப்போல ஏறி இறங்கியது. அவள் தூங்கிவிட்டாள்.

வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தான். மாமனார் வாசற்படியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார்.

“மாமா... அவகிட்ட நானே சொல்லிடுறேன்.”

“என்னன்னு?”

அவன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான்.

“லாரியில பொறந்து வளந்தவன்டா நான்,” என்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மரியாதை கழன்று விழுந்தது. “வண்டியில எங்க என்ன சத்தம் வந்தாலும் எனக்குத் தெரியாதா? என்னை நீ எவ்வளவு வேணும்னாலும் குலுக்கு. தாங்குவேன். அவ அழுதா பாரு, அதுக்குத்தான் உன்னை மன்னிக்க மாட்டேன்.”

“அப்போ நீங்களே சொல்லிடுங்க.”

“எதுக்கு? சொன்னா அழுவா, ஒரு மாசம் பேச மாட்டா, அப்புறம் மன்னிச்சு விட்டுடுவா. என் மகளை எனக்குத் தெரியாதா? உனக்கு நிம்மதியாயிடும். அந்த நிம்மதியை நான் ஏன் உனக்குக் குடுக்கணும்?” ஊன்றுகோலைத் தரையில் தட்டி எழுந்தார். “நீயும் சொல்ல மாட்டே. அதுக்கெல்லாம் தைரியம் வேணும்.”

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் ஓடியது, வாய் திறக்கவில்லை. திருகை இளக்கியவன் அப்படியே விட்டுவிட்டான். தனியாகப் போகும்போதுகூட இறுக்க மனம் வரவில்லை. சிகிச்சைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: “ஸ்டெப்னி பார்த்தாச்சா, மாப்பிள்ளை?”

மனைவியைப் பார்க்க ஒருநாள் அவள் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். எல்லாரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். தேறி வந்திருந்த அவள் முகத்தில் பெருமை பொங்கியது.

“எங்கப்பாவை இவரு பாத்துக்கற மாதிரி பெத்த பிள்ளைகூடப் பாக்க மாட்டான், சித்தி. அப்பாவை ஏத்தினா, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி பாக்காம ஒருநாள்கூட வண்டியை எடுக்க மாட்டாராம். அப்பாவே வாய் நிறையச் சொன்னாரு.”

“கொடுத்து வெச்சவரு,” என்றாள் சித்தி.

அரைமில்லி கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. மாமனார் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்தார். பெண் கேட்டு வந்த அன்று பார்த்த அதே பார்வை.

“அன்னிக்குப் பஞ்சு மாதிரி இருக்குன்னு தப்பாச் சொல்லிட்டேன், மாப்பிள்ளை,” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “எவ்வளவு வேலை பாத்த கை.”

அன்று போலவே எல்லாரும் சிரித்தார்கள். மனைவி அந்தக் கையை ஆசையோடு பற்றிக்கொண்டாள்.