லேசான ஸ்டாண்டும் நீண்ட லென்ஸும்

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் படம் பிடிப்பது என் தொழில். எதிர்மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையைப் படமெடுக்கச் சொன்னார் தோட்டத்துத் துரை. நீண்ட லென்ஸை நண்பரிடம் இரவல் வாங்கினேன். மலையேற வேண்டுமே என்று, கேமரா ஸ்டாண்டை மட்டும் கடையில் இருந்ததிலேயே லேசானதாகப் பார்த்து வாங்கினேன்.

சரிவில் ஸ்டாண்டை விரித்து, கேமராவைப் பூட்டிவிட்டு, பிலிம் எடுக்கப் பைக்குள் குனிந்தேன். காற்று ஒன்று வேகமாக வீசியது. லென்ஸின் கனம் இழுக்க, எல்லாம் கீழ்ப்பக்கம் சாய்ந்தது. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியத்தின் தோளில் ஸ்டாண்டின் கால் அடித்தது. கேமரா அவர் முதுகுக் கூடைக்குள், கொழுந்தின்மேல் விழுந்தது.

ஓடிப்போய் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

“தப்பிச்சோம்” என்றேன்.

“கண்ணாடி தப்பிச்சிருச்சுங்க” என்றார் பாக்கியம், தோளைத் தேய்த்துக்கொண்டே. “நாங்க கூடை வாங்குனாலே அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவோம். நீங்க இத அமுக்கிப் பாக்கலீங்களா?”

இப்போது என்னிடம் இருப்பது கனத்த மர ஸ்டாண்ட். கடையிலேயே லென்ஸைப் பூட்டி, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்து வாங்கியது. லென்ஸ் நீளும் பக்கமாக ஸ்டாண்டின் ஒரு காலை ஊன்றுகிறேன்; கீழே ஆள் இருந்தால் விரிப்பதே இல்லை. மலையேறும்போது தோள் வலிக்கிறது. பாக்கியத்தின் தோளைப் பற்றி அன்று நான் கேட்கவே இல்லை.