இத்தாலிக்கு எப்ப வீட்டுத்திட்டம்?

இண்டைக்கு விசுவமடு பஸ்ஸில பக்கத்துச் சீற்றில ஒரு அன்ரி. இத்தாலிக்குச் சுற்றுலா போன அவாவின்ர மகள் வீடியோ கோல் எடுத்திட்டா. ஸ்பீக்கரில. பஸ் முழுக்க இத்தாலி பாத்தது.

முதல்ல கடற்கரை.

"உச்சி வெயிலுக்க ஏன் பிள்ளை, ஆக்கள் கருவாடு மாதிரிக் காயினம்?"

பிறகு குகை.

"உள்ளுக்க போகாத, பாம்பு கிடக்கும்!"

பிறகு ஒரு பழைய நகரம். கூரையில்லாத கல்லுச் சுவருகள். அன்ரியின்ர முகம் வாடிப்போச்சு.

"பாவங்கள், உந்தச் சனத்துக்கு இன்னும் வீட்டுத்திட்டம் கிடைக்கேல்லையோ?"

"அம்மா, இது ரெண்டாயிரம் வருசமா இப்பிடித்தான் இருக்கு!"

"சண்டையில வீடு உடைஞ்ச எங்களுக்கும் உப்பிடித்தான் இழுத்தடிச்சவங்கள் பிள்ளை."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினன். பஸ்ஸில ஒருத்தரும் சிரிக்கேல்லை. பின்சீற்றில இருந்த ஐயா மட்டும் எட்டிக் கேட்டார்:

"வீட்டுத்திட்டத்துக்குப் பேர் பதியிற அங்கத்தைக் கிராமசேவகர் ஆராம்?"

இத்தாலியில இருக்கிற ஆக்கள் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.