கொழும்புக் கொப்பரை

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சிக் கடைவீதியில் ஓர் எண்ணெய்க் கடை முன்னால் நிற்கிறேன். சட்டைப் பையில் தம்பியின் கடிதம் இருக்கிறது. அவன் கொழும்புத் துறைமுகத்தில் தினக்கூலி. இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்களாம். டில்லி சர்க்காரும் இலங்கை சர்க்காரும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பேச்சு முறிந்தால் கப்பலேறி, புதன்கிழமை போட் மெயில் ரயிலில் வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறான். இன்று செவ்வாய். அவன் வரக்கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

"கொழும்புக் கொப்பரை எண்ணெய் இருக்கா?" என்று ஓர் அம்மாள் கேட்கிறார்.

"நம்ம ஆளுங்களைத் துரத்துறவங்க சரக்கு என் கடையிலே ஏறாதும்மா. இது உள்ளூர்ச் சரக்கு" என்கிறார் கடைக்காரர்.

"அதுக்கு இந்த விலையா? நீங்களே தலையிலே தடவிக்குங்க!"

அம்மாள் விறுவிறுவென்று நடக்கிறார். நாலு கடை தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டு விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்.

எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: "நாம கொப்பரை வாங்கலேன்னா அவங்களும் இறங்கி வருவாங்களாங்க?"

"அந்தம்மா மாதிரி நடக்கத் தெரிஞ்சா வருவாங்க. நம்ம டில்லிக்காரங்க ஒரு அடி எடுத்து வைக்கணும்னாலும் லண்டன்லே வெள்ளைக்காரன்கிட்டே உத்தரவு கேக்கணுமே. அது எதிராளிக்கும் தெரியுங்களே."

எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. சொன்ன விலைக்கே எண்ணெய் வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் போட் மெயில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து தம்பி இறங்கினான்.