நான் ஓட்டினால் மட்டும் எரியும் விளக்கு

எங்கள் காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு நான் ஓட்டும்போது மட்டும்தான் எரியும். கணவர் ஓட்டினால் எரியாது. இந்த ஒரே சாட்சியை வைத்து எங்கள் வீட்டில் வழக்கு முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் வெயில் அடித்தால், பட்டாபிராமில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து கோயில் வரை ஓட்டுவார். நான் வாரம் முழுக்க, மழையானாலும் முழங்கால் தண்ணீரானாலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் கம்பெனிக்கு ஓட்டுவேன். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னேன். "வண்டிக்கு மழை வெயில்லாம் தெரியாது. ஓட்டுற கைதான் தெரியும்" என்றார். சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

விளக்கு முதலில் எரிந்தது ஐப்பசி மழையில், திருமுல்லைவாயில் பக்கம். மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த தண்ணி லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. உருட்டிக்கொண்டு போகிற மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

ஆவடியில் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். எஞ்சினில் ஒரு வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அது காட்டியது. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமல்ல, வயரும், அதைச் சென்சாரில் சொருகும் சாக்கெட்டும் சேர்ந்ததுதான். கார்களுக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு கட்டையும் பலகையில் மாட்டி ஆட்டிப் பார்ப்போம். பலகையிலுள்ள விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஒதுக்கிவிடுவோம். ஸ்கேனர் காட்டுவது புகார் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான், குற்றவாளி யார் என்பதை அல்ல. ஆகவே வயரை முதலில் பாருங்கள் என்றேன்.

மெக்கானிக் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "சென்சார் பூட்ச்சு சார். அக்கா கிளட்ச் மேலயே கால வச்சிகினு ஓட்டுறாங்க போலகீது."

கிளட்சுக்கும் அந்த சென்சாருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கணவர் பலமாகத் தலையாட்டினார். புது சென்சார் போட்டார்கள். அடுத்த மழையில் விளக்கு மறுபடி எரிந்தது. புது சென்சாரையும் நானே காலி செய்துவிட்டதாக முடிவாகி, ஆணியில் தொங்கிய சாவி அவருடைய லேப்டாப் பைக்குள் போய்விட்டது.

"ட்ரெயின்தான் இருக்கே" என்று பரிவோடு சொன்னார்.

ட்ரெயின் இருப்பது எனக்கும் தெரியும். நாற்பது வயதுக்குமேல், ஊர் சிரிக்கச் சிரிக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அந்தக் காருக்குள் இருக்கும் நேரத்தில்தான் துண்டு எங்கே, டிபன் என்ன என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டது எனக்குத் தாங்கவே இல்லை. அன்று சாம்பாரில் உப்பு இல்லை. மறதி என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பார்க்கிங்கைவிட்டு நகர்த்த மாட்டேன் என்று சொல்லிச் சாவியை வாங்கினேன். அலமாரியிலிருந்து, வோல்ட் அளக்கும் என் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தன குங்குமப் பொட்டு அதன்மேல் காய்ந்து அப்படியே இருந்தது. மழைக்குச் சற்று முன்னால் வந்த அந்தப் பூஜை வேலையில் அவருக்கு ஒரே உற்சாகம். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருக்க, மிக்ஸி முதல் இஸ்திரிப்பெட்டி வரை பொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு காருக்கு இறங்கிப் போயிருந்தார்.

காபி டம்ளரோடு மேற்பார்வைக்கு வந்து நின்றார். சாக்கெட்டைக் கழற்றி அளந்தேன். வரவேண்டிய ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. "வயர்ல ஒண்ணுமே இல்ல பாரு" என்றார். சும்மா இருக்கும்போது எல்லா வயரும் யோக்கியம்தான். சாக்கெட்டை மறுபடி மாட்டி, பின்பக்கமாக வயரோடு ஒட்டி ஒரு குண்டூசியை நுழைத்து, மீட்டரை அதில் வைத்துக்கொண்டு வயரை ஆட்டினேன். எண்கள் எகிறிக் குதித்தன. சாக்கெட் அருகே ஆட்டினால் மட்டும்தான் அந்த ஆட்டம்.

மறுபடி கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். சாக்கெட்டின் வாய்க்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்பு. சுற்றிலும் பச்சையாகக் களிம்பு. மெக்கானிக் இதே பழைய சாக்கெட்டைத்தான் உள்ளே பார்க்காமல் புது சென்சாரில் சொருகியிருக்கிறார். மல்டிமீட்டரைத் திருப்பி, அதிலிருந்த பொட்டைச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கணவருக்குக் காட்டினேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "துடைக்கிறதுக்காகக் கழட்டினேன். வெளிய வச்சா அழிஞ்சிடும்னு உள்ள வச்சேன்" என்றார்.

பக்தியைக் குறை சொல்ல முடியாது. மழை ஈரம் பட்டபோதெல்லாம் அந்தப் பக்திதான் ஊறி வேலை செய்திருக்கிறது. சுரண்டி, களிம்பு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, காயவைத்து மாட்டினேன். வயரை எப்படி ஆட்டியும் எண்கள் அசையவில்லை.

ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். அதற்குள் அவருடைய அம்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டு, மருமகள் கெடுத்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வயர்ல சின்னப் பிரச்சினைம்மா. கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்."

கெடுத்தது நான் ஒருத்தி. சரி செய்தது நாங்கள் இரண்டு பேர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சாவியை ஆணியில் மாட்டாமல் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. அம்பத்தூர் வரைக்கும் விளக்கு எரியவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகவேண்டும் என்று என்னிடம் வந்து சாவி கேட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெயில்தான் அடித்தது, கொடுத்தேன்.