மூன்று வருட வாரண்டி

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. காரின் வாரண்டி முடியப் போவதாக ஒத்தக்கடை சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்ததும், உடனே போக வேண்டும் என்றார்.

"ஒரு வருஷத்துக்கும் நீட்டிக்கலாம், மூணு வருஷத்துக்கும் நீட்டிக்கலாம். எது சார் போடட்டும்?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கே போடுங்கம்மா."

"எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. மூணு வருஷம் எதுக்கு?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"கத்துக்குவ. வண்டி நின்னு போச்சுன்னா நீ யாருகிட்டயும் போய் நிக்கக் கூடாது."

நான்கு மாதத்தில் இறந்துபோனார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு மதியம் பேரையூர் சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. போன் செய்ததும் ஆள் அனுப்பி, அதே சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப்போனார்கள்.

"வாரண்டி இருக்குக்கா, காசு கிடையாது. ஓனர் கையெழுத்து மட்டும் வேணும். அண்ணனை வரச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர்.

"அவர் செத்துப் போயிட்டாருப்பா."

அதுவரை நான் அதை யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும் என்றார். பஸ் ஏறி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன்.