மூன்று நட்டு

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் பெரம்பலூரில் ஒரு பஸ் ஷெட்டில் கரி போடும் வேலையில் இருந்தேன். பெட்ரோல் சரியாகக் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். அடுப்பு பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று கொடுக்க வேண்டும். அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அதற்கு முன் ஓட்டலில் இலை எடுத்திருக்கிறேன், சூளையில் கல் அறுத்திருக்கிறேன், கடலை மில்லில் மூட்டை தைத்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு எந்த வேலையும் ஒன்றுதான். இங்கே ராத்திரி படுக்க இடமும் இருந்தது. அதனால் தங்கினேன்.

அந்த ஷெட்டில்தான் பந்து மேஜை இருந்தது. பட்டாளம் காலி செய்த முகாமின் சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டபோது முதலாளி டயர்களுக்காகக் கேட்டார். டயர் வேண்டுமானால் மேஜையையும் எடுத்துக்கொள் என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கல் பலகையின் மேல் பச்சைத் துணி ஒட்டிய மேஜை. ஆறு குழிகள், இரண்டு நீளக் கோல்கள், ஒரு வெள்ளைப் பந்து, முக்கோணமாக அடுக்கப் பதினைந்து நிறப் பந்துகள். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றவற்றைக் குழியில் தள்ள வேண்டும். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் நாலு பேர் நடுவில் சொல்லக்கூடிய பேர் அல்ல. நாங்கள் குழிப்பந்து என்றோம்.

வரும் வழியிலேயே ஒரு பந்து தொலைந்துவிட்டது. அரும்பாவூர் மர ஆசாரி ஒருவர் அதே அளவில் மரத்தில் ஒன்று கடைந்து கொடுத்தார். எந்தக் காரியத்தையும் பிள்ளையாரை முன்னால் வைத்துத் தொடங்குகிறவர்கள் நாங்கள். தனியாகத் தெரிந்த அந்த மரப்பந்துக்குப் பிள்ளையார் என்று பேர் வைத்து, முக்கோணத்தின் தலையில் உட்காரவைத்தோம். ஆட்டத்தின் முதல் அடி, அதாவது அடுக்கை உடைக்கும் அடி, அதன் மேல்தான் விழும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடுக்கு முனகிக்கொண்டு கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். ஆட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கணக்குக்குச் சுவரில் இரண்டு கம்பிகள் கட்டி அவற்றில் பழைய நட்டுகளைக் கோத்திருந்தோம். ஒரு பந்து விழுந்தால் ஒரு நட்டைத் தள்ளு. முதலில் எட்டுத் தள்ளுகிறவன் ஜெயித்தான். பலம் குறைந்தவனுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்றோ இரண்டோ தள்ளி வைப்பதுண்டு. அதை ‘நட்டு விடுறது’ என்போம். எனக்கு இரண்டு நட்டு. வாங்கினவன் ஜெயித்தால் அடுத்த ஆட்டத்தில் ஒன்று குறையும். விடுவதும் குறைப்பதும் எதிராளி கையில். வாங்கினவன் தானாக வேண்டாம் என்பது மரியாதை இல்லை.

பட்டாளத்தண்ணன் தை மாதத்தில் வந்து சேர்ந்தார். யுத்தத்துக்கு முன் இதே முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் லாரி ஓட்டியிருக்கிறார். லாரி கவிழ்ந்ததில் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போய்விட்டன. மணிக்கட்டும் முழுசாக மடங்காது. பெண்சாதி தா.பழூரில் பிறந்த வீட்டில் இருந்தாள். வேலை கிடைத்தால்தான் போய் அழைத்துவர முடியும். மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு உட்கார அவருக்கு மனசில்லை. அதனால் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

வண்டி ரிப்பேர் பார்க்கும் எங்கள் பிட்டர் பாய்தான் அவரை முதலில் மேஜைக்கு இழுத்தது. ஷெட்டில் நன்றாக ஆடுகிறவர் பாய் ஒருவரே.

“வாங்க தம்பி, சும்மா ஒக்காந்தா ஒடம்பு துரு புடிச்சிரும். மூணு நட்டு விடறேன். அடுக்கையும் நானே ஒடச்சித் தரேன்.”

கோலின் முனையைத் தாங்குவது இடது கை. விரல்களை மேஜையில் ஊன்றிப் பாலம்போல் வைத்து அதன் மேல் கோலை ஓடவிட வேண்டும். அண்ணனுக்கு அது முடியவில்லை. முஷ்டியை வைத்து, கட்டைவிரல் பள்ளத்தில் கோலைச் செருகி அடித்தார். முதல் வாரம் பந்து எங்கெங்கோ போயிற்று. பிறகு நேராகப் போக ஆரம்பித்தது. ஜெயிக்கவும் செய்தார். ஆனால் அவருடைய மூன்று நட்டை யாரும் குறைக்கவில்லை.

“இருக்கட்டும் தம்பி. நமக்குள்ள என்ன?” என்பார் பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கை போன மனுஷன், மூன்று நட்டில் என்ன வந்துவிடப்போகிறது?

அரியலூர் வண்டி டிரைவர் வேலையை விட்டு நின்றுகொண்டபோது அண்ணன் முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி அனுப்பினவர். கொஞ்ச நேரம் அண்ணனின் கையையே பார்த்தார்.

“ஏம்ப்பா, கியர் போடற கை அது. எங்க ஆளுங்களே ஒனக்கு மூணு நட்டு விடறாங்க. அடுக்கக்கூட ஒனக்காக பாய் ஒடைக்கிறாரு. நானே பாத்தேன். மருதையாத்து எறக்கத்துல ஜனங்கள ஏத்திக்கிட்டு நான் எந்த தைரியத்துல ஒன்ன வுடுவேன்? அங்க யாரு நட்டு வுடுவா?”

அண்ணன் நேராக ஷெட்டுக்கு வந்தார். பாய் என்ஜினுக்கு அடியில் படுத்திருந்தார்.

“பாய், என் நட்ட எடுத்துடுங்க.”

“என்னா தம்பி திடீர்னு? குடுத்தத திருப்பி வாங்குறதா? நல்லாவா இருக்கும்?”

“நீங்க பாவம் பாத்துத்தான் என் பொழப்பு போச்சு.”

பாய் அடியிலிருந்து வெளியே வந்தார். அண்ணன் முதலாளி சொன்னதைச் சொன்னார். பாய் கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் தயவெல்லாம் சுவரில் கம்பி போட்டு மாட்டியிருந்தது. ஷெட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாம் பார்த்திருக்கிறார்கள்.

“சரி,” என்றார் பாய் கடைசியில். “நட்டு இல்லாம ஒரு ஆட்டம். மொதலாளி முன்னாடி. நீங்களே ஒடைங்க.”

“வேணும்னு தோக்கக் கூடாது.”

“அல்லா மேல ஆணையா வுட மாட்டேன். வுட்டாலும் அந்த மனுசன் கண்டுபுடிச்சிருவாரு.”

அன்றிலிருந்து வண்டி வெளியே போயிருக்கும் நேரமெல்லாம் அண்ணன் தனியாக அடுக்கி உடைத்துப் பார்த்தார். முஷ்டியிலிருந்து ஓங்கி அடித்தால் கோல் துள்ளும். மெதுவாக அடித்தால் அடுக்கு அசையாது. ஒரு நாள் மரப்பந்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார், பக்கத்துப் பந்தையும் எடுத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். மரப்பந்து பாதி கனம்கூட இல்லை.

“அடியையெல்லாம் இதுதாண்டா முழுங்குது. பின்னால கொண்டுபோய் வச்சா அடுக்கு செதறிடும்.”

பாயிடம் சொன்னதும் அவர் பதறிப்போனார். “ஐயோ தம்பி, புள்ளையார எடம் மாத்தாதீங்க. அவரு முன்னாடி இருக்கறதாலதான் இந்த ஷெட்டுல ஒரு வண்டியும் கவுந்ததில்ல.”

“நீங்க எப்ப பாய் தேங்கா ஒடைக்க ஆரம்பிச்சீங்க?” என்றேன்.

“கரிய கவனிடா, பெரிய மனுசா.”

பிள்ளையார் இடத்திலேயே இருந்தார். அண்ணன்தான் இடம் மாறினார். வெள்ளைப் பந்தை நடுவில் வைக்காமல் மேஜையின் பக்க விளிம்பை ஒட்டி வைத்தார். அங்கிருந்து பிள்ளையாரைத் தொடாமல், இரண்டாம் வரிசையில் ஓரமாக இருக்கும் பந்தைக் குறிவைத்தார். அந்த ஓரத்தில் கோலை மேஜையின் மரவிளிம்பிலேயே சாய்த்துக்கொள்ளலாம். இடது கை அதை நகராமல் பிடித்தால் போதும். கோல் துள்ளவில்லை. அதிகம் ஓங்கவும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி வந்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். அரியலூர் வண்டி, ரயிலுக்குப் போகிறவர்களுக்காக மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் அடுப்புக்குக் காற்று கொடுத்துக்கொண்டே பார்த்தேன். டிக்கெட் வாங்கினவர்களும் மூட்டைகளோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

“என்னாங்க, கோலிக்குண்டா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“பெரிய பசங்க வெளாடற கோலி,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பாய் சுவரிடம் போய், அண்ணனின் கம்பியில் இருந்த மூன்று நட்டையும் எல்லாரும் பார்க்கப் பின்னுக்குத் தள்ளினார்.

அண்ணன் வெள்ளைப் பந்தை ஓரத்தில் வைத்தார். குனிந்தார். சத்தம் வேறு மாதிரி கேட்டது. வழக்கமான முனகல் இல்லை. கூழாங்கற்களைக் கொட்டினதுபோல இருந்தது. அடுக்கு நாலு பக்கமும் ஓடியது. ஒரு பந்து மூலைக் குழியில் விழுந்தது. பிள்ளையார் மட்டும் இருந்த இடத்தில் லேசாகச் சுற்றிக்கொண்டு நின்றார்.

“அட,” என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு பாய் தன் ஆணையைக் காப்பாற்றினார். ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு எட்டாத இடத்தில் வெள்ளைப் பந்தை ஒளித்துவைத்தார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஏழு ஏழு என்று வந்து நின்றது. கடைசிப் பந்தை அண்ணன்தான் முதலில் அடித்தார். குழியின் வாயில் போய் நின்றுவிட்டது. பாய் அதை உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுக் கோலைச் சுவரில் சாத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் தோற்றுவிட்டார். நான் காற்றுக் கைப்பிடியைச் சுற்ற மறந்து நின்றேன்.

முதலாளி எழுந்து போய்க் கம்பிகளைப் பார்த்தார். ஒன்றில் எட்டு, ஒன்றில் ஏழு. பின்னுக்குத் தள்ளிய மூன்றும் அண்ணனே திரும்பச் சம்பாதித்து முன்னால் வந்திருந்தன. அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏம்ப்பா, மருதையாத்த தாண்ற வரைக்கும் ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். சரியில்லன்னா ஸ்டியரிங்க நானே வாங்கிக்குவேன்.”

நான் பின்னால் அடுப்பின் பக்கத்தில் ஏணியில் தொற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியே முன்பக்கம் தெரிந்தது. கரிசல் காட்டுக்கு நடுவே வண்டி இருமிக்கொண்டு போயிற்று. ஆற்று இறக்கம் வந்ததும் கியரைக் குறைக்க வேண்டும். அண்ணன் இடது கையைக் கீழே கொண்டுபோனார். விரலால் பிடிக்கவில்லை, முஷ்டியை வைத்து, கட்டைவிரல் பள்ளத்தில் குமிழைச் செருகிக்கொண்டார். ஒரு கணம் பல்சக்கரம் கரகரத்தது. முதலாளியின் கை தானாகக் கியர் கம்பிக்குப் போயிற்று.

அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நட்டு வேணாம் மொதலாளி.”

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். கியர் விழுந்தது. வண்டி நிதானமாக இறங்கி, பாலத்தைத் தாண்டி, அக்கரை மேட்டில் ஏறியது. வழக்கமாக அந்த மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். அன்றும் இறங்கித் தள்ளினோம், முதலாளி உட்பட. மேலே வந்ததும் அவர் பழைய இடத்துக்குப் போகவில்லை. பின்னால் ஜனங்களோடு ஒரு கடலை மூட்டையின் மேல் உட்கார்ந்து, அரியலூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார்.