நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர்

என் மாமா பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுகிறவர் என்று நான்காம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை, மாமா பிரான்ஸுக்குப் போனதே கிடையாது. ஓட்டியதெல்லாம் ஷார்ஜாவில், முவைலாவில், எங்கள் கட்டடத்தைச் சுற்றியிருந்த தெருக்களில்தான். ஆனால் ஓட்டிய பாதை பிரான்ஸ் நாட்டுப் பாதை. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஏசி மெக்கானிக். கம்பெனி கேம்ப்பில் தங்கியிருந்து, வியாழன் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அவர் கம்பெனியில் இருந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார். தன் வீட்டு ஏசியை நான்கு கோடைக்கும் காப்பாற்றிக் கொடுத்த நன்றிக்குத் தன் சைக்கிளை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். விரல் அகலத்துக்கு டயர், கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கிலோமீட்டர் காட்டும் ஒரு குட்டி மீட்டர். கேரியர் கிடையாது, மணி கிடையாது, நிறுத்தி வைக்க ஸ்டாண்டு கூடக் கிடையாது. சுவரில் சாத்தி வைக்கிற சைக்கிளுக்கு இவ்வளவு பெருமையா என்று அப்பா கேட்டார்.

சைக்கிளோடு ஒரு புத்தகமும் வந்தது. பிரான்ஸின் கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் போக வேண்டிய பாதைகள் அதில் வரைபடத்தோடு இருந்தன. எழுத்தைப் படிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. படமும் எண்ணுமே போதுமாக இருந்தது. ஒரு பச்சை மேடு இறங்கி முடிவதற்குள் அடுத்தது ஏறத் தொடங்கும். நடுவே ஒற்றை லாரி மட்டும் போகிற அளவுக்கு ஒரு சாலை, இரண்டு பக்கமும் வரிசை பிடித்த திராட்சைக் கொடிகள், கூரான கோபுரத்தோடு ஒரு சர்ச், நான்கு மாடு. ஒரு படத்தில் அறுத்த வயலெங்கும் பெரிய உருளைகள் கிடந்தன. கேபிள் ஸ்டோரில் வேலை பார்த்த அப்பா அவற்றை கேபிள் டிரம் என்று அடித்துச் சொன்னார்.

"வைக்கல் மச்சான் அது. பாயச் சுருட்டுற மாதிரி சுருட்டிப் போட்டிருக்கான்," என்றார் மாமா.

அந்தப் புத்தகத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் பாதை ஒன்றை நாங்கள் இருவரும் தேர்ந்தெடுத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்புவோம். மாமா முன்னால், என் சின்ன சைக்கிள் பின்னால். புத்தகம் என் கூடையில் இருந்ததால் வழி சொல்கிற அதிகாரம் எனக்கு. பகாலா என்கிற மளிகைக் கடை முதல் ஊர், லாண்டரி இரண்டாவது ஊர். திராட்சைத் தோட்டம் வந்தால் நிறுத்தி, டப்பாவில் திராட்சை ஜூஸ் குடிக்க வேண்டும். ஆறு வந்தால் நான் மணி அடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் மீட்டரைப் பார்த்து, வரைபடத்தின் மேல் நூலை வைத்து அளந்து, வந்து சேர்ந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பேன்.

இதற்கிடையில் மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளுக்குள் பெண்ணைப் பார்த்து, பேசி முடித்து, தாலி கட்டி, விமானமும் ஏறிவிட வேண்டும். போன லீவு மூன்று வீடுகளில் காப்பி குடித்ததிலேயே முடிந்துபோயிருந்தது. இந்த லீவுக்கு இன்னும் இரண்டே மாதம். இதையும் விட்டால் தம்பிக்கு முப்பத்தைந்து ஆகிவிடும் என்று அம்மா தோசை சுடும்போதெல்லாம் எங்கள் காதில் விழும்படி கணக்குச் சொல்வாள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண், ஸ்கூல் டீச்சர், போட்டோ கேட்டிருந்தார்கள். வளைகுடா மாப்பிள்ளை போட்டோவுக்கு ஒரு சட்டம் உண்டு. காரில் சாய்ந்து, பானெட்டில் ஒரு கையை ஊன்றி நிற்க வேண்டும். கார் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நான்காவது மாடி மலையாளியின் வெள்ளைக் காரை அம்மா வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

அதே வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு மலை வந்தது. நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் நூற்றெண்பது மீட்டர் ஏற வேண்டும் என்று புத்தகம் காட்டியது. முவைலாவோ தோசைக்கல் மாதிரி தட்டை. மாமாதான் இன்னும் திறக்காத மேம்பாலம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் உயரம் எட்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, இருபத்து மூன்று முறை ஏறி இறங்கினால் மலை ஆகிவிடும் என்று நான் வகுத்துச் சொன்னேன். காவலுக்கு இருந்த பாகிஸ்தான் பட்டாணிக்காரர் கையை நீட்டித் தடுத்தார். மாமா புத்தகத்தைத் திறந்து காட்டி இந்தியில் விளக்கினார். அவர் படத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சா. யல்லா பாய், ஜல்தி," என்று தடுப்பை நகர்த்திவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு ஏற்றத்தையும் என்னைவிடச் சத்தமாக எண்ணியவர் அவர்தான்.

இருபத்து மூன்றாவது ஏற்றத்தின் உச்சியில் மாமா காலை ஊன்றி நின்றார். கம்பெனி யூனிஃபார்ம் பேண்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது, தலையில் துண்டு, உடம்பெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தார். கார் போட்டோவுக்காகக் கொண்டுவந்திருந்த கேமராவில் இரண்டு படம்தான் பாக்கி. ஒன்றை அங்கேயே எடுத்துவிட்டேன்.

மற்றொன்று பத்து மணிக்கு, டையோடு. பானெட் கொதித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் மாமா பல்வலி வந்தவர் மாதிரி நின்றார்.

அந்த வாரம் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் லீவில் திருச்சிக்குப் போனார். அவர் கையில் கொடுத்தனுப்பக் கடிதம் எழுதி முடித்த அம்மா, போட்டோவை வைத்து உறையை ஒட்டும் பொறுப்பை என்னிடம் விட்டாள். இரண்டு போட்டோவும் மேஜையில் கிடந்தன. கார் போட்டோவில் இருந்தது மாமா மாதிரியே இல்லை. பார்க்கிறவர்கள் அவருடைய சாதனையைப் பார்க்கட்டும் என்று, கார் போட்டோவை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மேம்பாலத்துப் போட்டோவை வைத்தேன். புரியாமல் போய்விடக்கூடாதே என்று பின்னால் எழுதினேன்: பிரான்ஸ், 42 கி.மீ.

இரண்டு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். மாமாவும் இருந்ததால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தம்பிக்கு வேலையில ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா? சைக்கிள்ல நிக்கிறாரு, தலையில துண்டு. பின்னால பிரான்ஸுன்னு வேற எழுதியிருக்கு. எந்த ஊர்லதான் இருக்காரு?"

அம்மா மேஜை இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். கார் போட்டோ பத்திரமாக அங்கேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் எதை எதையோ சொல்லி விளக்க, அவர் யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டார். போன லீவில் இப்படி யோசித்துச் சொல்வதாகச் சொன்ன மூன்று வீடுகளையும் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"கெடுத்துட்டியேடி. இன்னும் ரெண்டு வருஷம்டி," என்றாள் அம்மா. மாமா என்னைத் திட்டவில்லை. எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

அரைமணி நேரத்தில் மறுபடியும் போன். பெண்ணே பேசினார். பின்னால் எழுதியிருக்கிற பிள்ளை யார், அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்றாராம். அம்மா என்னை இழுத்து வந்து நிறுத்தினாள்.

"இது எங்க எடுத்தது கண்ணு?"

"பிரான்ஸ்ல," என்றேன். ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. புத்தகம், நூல், திராட்சை ஜூஸ், வைக்கோல், இருபத்து மூன்று ஏற்றம், எண்ணிய பட்டாணிக்காரர் எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"அவரு யாரைப் பாத்து இப்படிச் சிரிக்கிறாரு?"

"என்னைத்தான். நான்தானே எடுத்தேன்."

அவர் அந்தப் பக்கம் யாரிடமோ மெல்லப் பேசுவது கேட்டது. "சரி கண்ணு. அப்பாகிட்ட குடுக்குறேன்," என்றார். அவருடைய அப்பா போனை வாங்கி, தம்பி என்றைக்கு ஊருக்கு வருகிறார், வருகிற மாதம் முகூர்த்தம் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். மாமா பால்கனியிலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார், மின்விசிறியில் இடித்துவிடுவேன் என்று அப்பா கத்தும்வரை சுற்றினார். எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் அத்தையாகப் போகிறவர் மேல் கோபம். பாதையில் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது, அதில் ஓர் ஆறும் இரண்டு மேடும் வருகின்றன. அதையெல்லாம் கேட்காமல், ஒன்றுக்கும் உதவாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாரே என்று அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.